கேளுங்க அண்ணாச்சி: பழைய ஃபைபர்ல 400ஜி ஓடுமா?

கேள்வி: அண்ணாச்சி, மார்த்தாண்டத்துல நெட் கனெக்‌ஷன் குடுத்துட்டு இருக்கேன். நாகர்கோவில்ல இருந்து வாடகைக்கு எடுத்த டார்க் ஃபைபர்ல (வெறும் கண்ணாடி நூல் மட்டும், ரெண்டு முனையிலயும் கருவி நம்மளோடது) 10ஜி, அதாவது செகண்டுக்கு 10 ஜிகாபிட், ஓடுது. அதே ஃபைபர்ல 'கோஹிரண்ட்' மாடியூல் (சேதிய ஒளியா மாத்தி அனுப்புற கருவி) போட்டா 400ஜி ஓடும்னு ஒருத்தர் சொல்லுதாரு. நம்பலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தாராளமா நம்பலாம் தம்பி. ஆனா காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க.

உங்க 10ஜி மாடியூல் செய்யுறது நம்ம முட்டம் லைட்ஹவுஸ் வேலைதான், வெளிச்சம் வந்தா 1 வரலேன்னா 0, அதையே செகண்டுக்கு ஆயிரம் கோடி தடவை செய்யுது அவ்வளவுதான். கோஹிரண்ட்ல அப்படி இல்ல, ஒளி அலையோட உயரத்தையும் அது எழும்புற நேரத்தையும் மாத்தி மாத்தி சேதி ஏத்துறாங்க, அதுவும் கிணத்துக் கயித்த மேல கீழ ஒரு ஆட்டு, பக்கவாட்டுல ஒரு ஆட்டுன்னு ரெண்டு விதமா. 400ஜில இப்படி ஒரு துடிப்புக்கு 8 பிட் போவுது. இத எப்படிப் பிரிச்சுக் கேக்குறது? கச்சேரில சுருதிப்பெட்டி இருந்தாத்தான் பாடுறவர் எங்க விலகுறார்னு தெரியும்லா, அதே மாதிரி வாங்குற பக்கத்துலயும் ஒரு லேசர் எரியும், வர்ற ஒளிய அதோட கலந்துதான் வித்தியாசத்த அளக்கும். வழியில அலை கலங்கிப் போனத டிஎஸ்பிங்குற சிப் கணக்குப் போட்டே சரி பண்ணிரும்.

1980கள்லயே லேப்ல செஞ்சு பாத்ததுதான் இது. ஒளிய ஒளியாவே பெருக்குற ஃபைபர் ஆம்ப்ளிஃபயர் 1987ல வந்ததும் ஓரமா வெச்சுட்டாங்க, சிப் வேகம் கூடின பெறவு 2008 வாக்குல நார்டெல்ங்குற கனடா கம்பெனி 40ஜில கொண்டு வந்தாங்க, 2009 டிசம்பர்ல பாரிஸ்–ஃபிராங்க்ஃபர்ட் நடுவுல 100ஜி ஓடிச்சு. ஆனா உலகம் பூரா பரவுனதுக்கு 2020ல வந்த 400இசட்ஆர்ங்குற பொது விதிதான் பெரிய காரணம்னு நான் சொல்லுவேன், பெரிய பெட்டியா இருந்தது விரல் நீள மாடியூலா ரவுட்டர்லயே சொருகுற மாதிரி ஆச்சு, ஒரு கம்பெனி மாடியூல் இன்னொரு கம்பெனியோடதுகூடப் பேசும்.

இப்ப உங்க லைன். 400இசட்ஆர் மாடியூல், ஆம்ப்ளிஃபயர் வெச்சா 120 கி.மீ. வரை போவும், வைக்கலேன்னா மொத்த லாஸ் (வழியில ஒளி குறையுறது) 11 டெசிபலுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு 30 கி.மீ. சொச்சம், தூரம் பிரச்சினையே இல்ல, ஜாயிண்ட்தான் பிரச்சினை. போன மழையில தக்கலை பக்கம் ஜேசிபி அறுத்த கேபிள ஒரு தம்பி ஒட்டுறதப் பாத்தேன், குடையக் கழுத்துல இடுக்கிக்கிட்டு முடி மாதிரி நூல ஸ்பிரிட்ல துடைச்சு, வெட்டி, மெஷின்ல வெச்சு, ஸ்க்ரீன்ல லாஸ் 0.02 டெசிபல்னு வர்ற வரை விடல, மூணு தடவை திருப்பி வெட்டுனான். எல்லா ஜாயிண்டும் அப்படி இருக்காது. அதனால முதல்ல ஓடிடிஆர் (லைன்ல எங்க ஒளி குறையுதுன்னு காட்டுற மெஷின்) வெச்சு முழு லைனையும் பாருங்க, கனெக்டர் அழுக்கத் துடைங்க. இன்னொண்ணு, 10ஜி மாடியூல் 1 வாட் வாக்குல தின்னும், இது 15, 20 வாட் தின்னும், உங்க சுவிட்ச்ல அதுக்கேத்த போர்ட்டும் ஃபேனும் இருக்கணும்.

கேள்வி: அப்ப வீட்டு ஃபைபருக்கும் இது வருமா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: இப்போதைக்குத் தேவையில்லம்மா. வீட்டுக்குப் பெரும்பாலும் வர்றது ஜிபான்ங்குற முறை, ஒரு 2.5ஜிய 32 இல்ல 64 வீடு பங்கு போடுது. ஆனா சாயங்காலம் தெருவே சேந்து ஸ்லோ ஆச்சுன்னா பல சமயம் பின்னாடி இருக்குற மெயின் லைன் நிறைஞ்சிருக்கும், அங்க கோஹிரண்ட் போட்டா உங்க வீட்டுலயும் தெரியும்.