சாகும்வரை சிறை என்று தீர்ப்பான பிறகு மறுபரிசீலனை எதற்கு?

கேள்வி: கொடூரக் கொலைக்கு நீதிபதியே சாகும்வரை சிறை என்று தீர்ப்பு எழுதிவிட்டார். 25 வருஷம் கழித்து அதைத் திரும்பப் பார்க்கச் சொல்வது என்ன மனித உரிமை?

உங்கள் கோபம் புரிகிறது. அதனால் கோபம் வரவழைக்கும் வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்: வின்டர் எதிர் ஐக்கிய இராச்சியம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2013 ஜூலை.

டக்ளஸ் வின்டர் கூட வேலை பார்த்தவரைக் கொன்று ஆயுள் கைதியானவர். 2005இல் நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். 2008இல் மனைவியைக் கொன்றார். இந்த முறை இங்கிலாந்து நீதிமன்றம் 'முழு ஆயுள்' ஆணை போட்டது. இத்தனை வருஷம் கழித்து விடுதலை கேட்கலாம் என்று குறைந்தபட்சக் காலம் ஒன்றும் கிடையாது, விடுதலையை முடிவு செய்யும் பரோல் வாரியத்துக்கு அதில் வேலையே இல்லை. இவரும் இதே தண்டனை பெற்ற இன்னும் இருவரும்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் அந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இங்கிலாந்திலேயே முன்பு 25 ஆண்டு முடிந்தால் உள்துறை அமைச்சர் இவற்றைப் பரிசீலிக்கும் நடைமுறை இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக் காலத்தை முடிவு செய்யும் பொறுப்பை நீதிபதிகளிடம் கொடுத்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் அந்தப் பரிசீலனையும் அத்தோடு போயிற்று. மிஞ்சியது அமைச்சர் தரும் கருணை விடுதலை மட்டும். அதற்குச் சிறைத்துறைக் கையேடு வைத்திருந்த நிபந்தனையைப் பாருங்கள். தீராத நோயில் சாவு நெருங்கியிருக்க வேண்டும், சுமார் மூன்று மாதம். இல்லையென்றால் பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்து படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும். முழுக்கத் திருந்தியவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தால் இதில் அவருக்கு இடமே இல்லை.

இது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று 17 நீதிபதிகளில் 16 பேர் சொன்னார்கள். ஒருவரை உள்ளே வைக்கத் தண்டிப்பது, சமூகத்தைக் காப்பது, திருத்துவது என்று பல காரணங்கள் உண்டு. முப்பதாவது வருஷத்திலும் அவை அப்படியே நிற்கின்றனவா என்று பார்த்தால்தானே தெரியும்? எப்போது பார்ப்பார்கள், எதை வைத்துப் பார்ப்பார்கள் என்பது கைதிக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். என்ன செய்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் ஒருவன் ஏன் திருந்த வேண்டும்?

பரிசீலனை வேறு, விடுதலை வேறு. மூவரையும் விடச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. சீக்கிரம் வெளியே வரலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஆபத்தானவர் என்று தெரிந்தால் கடைசிவரை உள்ளேயே வைக்கலாம். இனப்படுகொலையை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்திலும் ஆயுள் தண்டனைக்கு 25 ஆண்டில் பரிசீலனை உண்டு.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒவ்வொரு பரிசீலனையும் ஆறாத ரணத்தைக் கீறுவதுதான், அதை மறுக்க மாட்டேன். முன்கூட்டியே தகவல் சொல்லி, அவர்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும்.

அப்புறம் 2017இல், ஹட்சின்சன் வழக்கில், அதே நீதிமன்றம் இங்கிலாந்தின் ஏற்பாடு போதும் என்று 14க்கு 3 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. அமைச்சர் மனித உரிமைச் சட்டத்துக்கு ஏற்றபடிதான் முடிவெடுக்க வேண்டும் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கிவிட்டதாம். கையேட்டின் வாசகம் அப்போதும் மாறவில்லை. என்னைக் கேட்டால் அது பின்வாங்கல்.

நம் ஊரில் 'ஆயுள் என்றால் 14 வருஷம்' என்பார்கள். அது தவறு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால், 14 ஆண்டு உள்ளே இருந்த பிறகே அரசு தண்டனைக் குறைப்பின்படி விட முடியும். அந்த வழியையும் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்கோ ஆயுள் முழுக்கவோ அடைக்கலாம் என்று, ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அப்படி அடைத்துவிட்டால் மிச்சம் ஆளுநரும் குடியரசுத் தலைவரும் மட்டும். அவர்கள் எப்போது பார்க்க வேண்டும் என்பதற்குத் தேதி கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 16 பேர் தவறு என்று சொன்னது இந்தக் குறையைத்தான்.