படித்தாயிற்று, எழுத வரவில்லை!

கேள்வி: பைத்தான் நிரல்மொழிப் பாடங்களை முடித்துவிட்டேன். ஆனால் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றக்கூடிய மென்பொருள்) பக்கம் போனால் தேறுவேனா?

பதில்: தேறுவீர்கள். ஆனால் போன முதல் நாளே நிரல் எழுதி அனுப்பிவிடத் துடிக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு சின்ன மென்பொருளின் மூல நிரலை இறக்கி, உங்கள் கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கே இரண்டு மாலைப்பொழுது போய்விடும், எரிச்சலும் வரும், பரவாயில்லை, வேலைக்குப் போனாலும் முதல் வாரம் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம் கிட். நிரலில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்காக எழுதிய கருவி. பலர் கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (பதிந்ததைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவது) இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். 'கிட் பிளேம்' போட்டால் ஒரு வரியைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று தெரியும், ஏன் என்பது கமிட் செய்தியில் இருக்கும் (ஒழுங்காக எழுதியிருந்தால்!). 'கிட் பைசெக்ட்' இன்னும் சுவாரசியம்: நன்றாக ஓடிய ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒன்றையும் காட்டினால் நடுவில் பாதி பாதியாக வெட்டித் தேடும், 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிழை நுழைந்த இடம் சிக்கிவிடும்.

நீங்கள் இறக்கிய அந்த மென்பொருளில் ஏற்கெனவே தீர்ந்துபோன ஒரு பிழையை எடுத்து, திருத்தத்துக்கு முந்தைய கமிட்டுக்குப் போய் நீங்களே சரிசெய்யுங்கள். பிறகு அதைத் திருத்தியவர்கள் செய்ததோடு ஒப்பிடுங்கள்.