சாப்பாட்டில் ஒரு மூச்சு குறைகிறது

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் தஞ்சாவூர். ஆறு மாதமாக புனேயில் வேலை. மெஸ்ஸில் இந்தியில் ‘கானா’ கேட்டால் பரிமாறுகிறவர் சிரிக்கிறார். நான் கேட்பது சாப்பாடு இல்லையாம், ஒற்றைக்கண்ணனாம். நமக்கு ‘க’ ஒன்று, அவர்களுக்கு நான்கு. இது தமிழின் குறைதானே என்கிறார், லக்னோவைச் சேர்ந்த அறைத்தோழர். என்ன பதில் சொல்வது?

எஸ்., புனே

அன்புள்ள எஸ்.,

முதலில் அறைத்தோழரை வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ‘பின்’ (pin) என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். லண்டன்காரர் சொன்னால் காகிதம் ஆடும். இவர் சொன்னால் பெரும்பாலும் ஆடாது. மூச்சொலிக்கு, அதாவது காற்றை ஊதிச் சொல்லும் ஒலிக்கு, தனி எழுத்தே வைத்திருப்பவர், அது வரவேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்!

லண்டன்காரருக்கும் தாம் மூச்சு விடுவது தெரியாது. ‘ஸ்பின்’ என்றால் அதே ப-வில் மூச்சு வராது, அதையும் கவனித்திருக்க மாட்டார். மூச்சு வந்தாலும் வராவிட்டாலும் அங்கே பொருள் மாறுவதில்லை, அதனால் காதும் கண்டுகொள்வதில்லை.

நடப்பது இவ்வளவுதான்: உதடு திறந்ததுமே குரல்நாண் அதிரத் தொடங்கினால் நம் ‘ப’. அதிர்வு கொஞ்சம் பிந்தி, அந்த இடைவெளியில் வெறும் காற்று வந்தால் மூச்சொலி. 1964-இல் ஒலியியல் ஆய்வாளர்கள் லிஸ்கரும் ஏப்ராம்சனும் 11 மொழிகளில் இந்தத் தாமதத்தை அளந்தார்கள். தமிழும் அதில் உண்டு. ஆங்கில ‘ப’-வுக்கு சுமார் 60 மில்லிசெகண்டு வந்தது. கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றால், இது அதில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கில்தான் உங்கள் சாப்பாடு மாட்டிக்கொண்டிருக்கிறது: மூச்சு வந்தால் சாப்பாடு, வராவிட்டால் ஒற்றைக்கண்ணன்.

குறை என்கிறாரா? பஞ்சாபிகளைக் கேட்கச் சொல்லுங்கள். குதிரையை அவர்களும் இந்திக்காரர்கள் போலவே மூச்சொலி எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பேச்சில் அந்த மூச்சு போய், சுரம் தாழ்ந்து ‘கோடா’ என்று வரும். மூச்சு செய்த வேலையைச் சுரம் செய்கிறது. சிங்களத்தில் எழுத்து மட்டும் மிச்சம், பேச்சில் மூச்சொலி இல்லை.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் க-வின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, உங்களுக்கு வேண்டியது 2 போட்ட ‘கா’. ‘க்’ சொல்லி, நடுவில் உயிர் நுழையாமல் ‘ஹா’வை ஒட்டுங்கள். காகிதம் ஆடும்வரை பழகுங்கள்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து அறைத்தோழரைப் படிக்கச் சொல்லுங்கள். ‘த’ என்று காட்ட நாம் போடும் ‘எச்’சை அவர் மூச்சு என்று எடுத்துக்கொள்வார். அப்போது நீங்கள் சிரிக்கலாம்.