அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் அம்மா

வணக்கம் அம்மா,

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. வேலைக்கு நடுவே ஒதுங்கி நின்று பேசியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பத்தாயிரம் கட்டினால் மகளுக்குப் பொறியியல் இடமும் ஸ்காலர்ஷிப்பும் உறுதி என்று கல்லூரியில் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்ட வேண்டாம். அவர்கள் தருவதாகச் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா இடம், அதாவது அரசுக் கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் இடம். அந்த வழியாக உள்ளே போய்விட்டால், உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய அரசுச் சலுகை கைவிட்டுப் போகும். இதைப் போனில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரி கேட்பது வருடத்துக்கு 1,40,000. அதில் 40,000 ஸ்காலர்ஷிப் என்று கழித்து, ஒரு லட்சம் கட்டச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசுக் கவுன்சலிங் மூலம் சேருகிறவர்களுக்கு 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றீர்கள். அப்படியென்றால் முதல் பட்டதாரி சலுகையாக 25,000 ரூபாயை அரசே கல்லூரிக்குக் கொடுத்துவிடும். அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றே வைத்துக்கொண்டாலும் நீங்கள் கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் 30,000. அவர்கள் "ஸ்காலர்ஷிப்" போகக் கேட்பதற்கும் இதற்கும் வருடத்துக்கு 70,000 வித்தியாசம். நான்கு வருடத்துக்கு 2,80,000. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து ஒரு வருடம் முழுக்கச் சம்பாதிப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கவுன்சலிங்கில் அதே கல்லூரி, அதே பிரிவு கிடைத்தே தீரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 200-க்கு 171 கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளைக்கு இடமே கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்ற போன வருடப் பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அதைப் பார்த்த பிறகு உங்களுக்கே தைரியம் வரும்.

முதல் பட்டதாரி சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, கவுன்சலிங் பதிவின்போதே ஏற்றிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சேர்க்கை முடிந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் அலைந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஒன்பதாவதில்தான் அரசுப் பள்ளிக்கு வந்தாள். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: எட்டாவது வரை தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) கிடைக்கும் இலவச இடத்தில் படித்தாளா? அப்படியென்றால் அவளுக்கும் தகுதி உண்டு. ஃபீஸ் கட்டிப் படித்தாள் என்றால் அந்தக் கதவு மூடியதாகவே வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பணமே வாங்கவில்லை என்று சொன்னீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையாக இருக்கும். அதற்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது வேறு திட்டம், உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் மகளுக்குப் பொருந்தக்கூடியது, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தரும் பிரகதி உதவித்தொகை. பொறியியல் முதலாண்டில் சேரும் மாணவிகளுக்கு வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் வரை வாங்கலாம். விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் வந்துவிடாது, மதிப்பெண் பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது என்பதால், கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பிரிவைப் பார்ப்பவரிடம் முதல் பட்டதாரி சலுகையையும் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் மத்திய அரசின் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.

இப்போது வருமானச் சான்றிதழ். இதில்தான் நிறைய குடும்பங்கள் தெரியாமல் சிக்கிக்கொள்கின்றன. நீங்கள் அனுப்பிய பழைய சான்றிதழில் ஆண்டு வருமானம் 72,000 என்று இருக்கிறது. "எல்லோருக்கும் அப்படித்தான் போடுவோம்" என்று மையத்தில் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆனால் லோடு ஆட்டோவுக்கு மாதம் 6,200 தவணை கட்டுகிறீர்கள். வருடத்துக்கு 74,400. வருமானத்தைவிடத் தவணை அதிகம்! நாளைக்குக் கல்விக் கடனுக்குப் போய் நிற்கும்போது வங்கி மேலாளர் உங்கள் பாஸ்புக்கைப் புரட்டினால் முதலில் கேட்கப்போகும் கேள்வி இதுதான். அங்கே நீங்கள் தலைகுனிந்து நிற்கக் கூடாது.

எப்படியும் சான்றிதழைப் புதிதாக எடுக்க வேண்டும். அதில் உண்மையான தொகையையே எழுதச் சொல்லுங்கள். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 24,000, வருடத்துக்கு 2,88,000. இதைச் சொல்வதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. முதல் பட்டதாரி சலுகைக்கு வரம்பே இல்லை. பிரகதிக்கு எட்டு லட்சம். கல்விக் கடனில் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டத்துக்கு நாலரை லட்சம். எல்லாவற்றுக்கும் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

கடன் என்றதும் உங்கள் குரல் இறங்கிவிட்டது. கந்துவட்டியை நினைத்துப் பயப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. இது அந்த மாதிரி இல்லை. நான்கு லட்சம் வரை நகையோ பத்திரமோ அடமானம் வைக்கத் தேவையில்லை. நீங்களோ உங்கள் கணவரோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டிச் சலுகை எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தர அங்கீகாரம் அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பள்ளம் இருக்கும். அரசுச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று கல்லூரி தனியாக வாங்குவதை நீங்கள்தான் கட்ட வேண்டும். கல்லூரியிடமே உதவி கேட்க வேண்டிய இடம் இது. பல கல்லூரிகளை அறக்கட்டளைகள்தான் நடத்துகின்றன. கேட்கிறவர்களுக்குக் குறைப்பதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சேர்க்கை மேசையில் இருக்கும் பையனிடம் வாயால் கேட்டால் வேலைக்கு ஆகாது. கல்லூரி முதல்வருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்க வேண்டும்.

"நாங்கள் மிகவும் ஏழைகள், கருணை காட்டுங்கள்" என்று எழுத வேண்டாம். அப்படிப்பட்ட கடிதங்கள் அவர் மேசையில் ஒரு கட்டு இருக்கும். கணக்கை எழுதுங்கள். இப்படி:

"என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வீட்டு வாடகை 5,000, ஆட்டோ தவணை 6,200, மாமியாரின் மருந்து 1,800. மீதி 11,000 ரூபாயில் ஐந்து பேர் சாப்பாடும் மகனின் பள்ளிச் செலவும் நடக்கிறது. கல்விக் கட்டணம் 30,000 ரூபாயை நாங்கள் கட்டிவிடுவோம். பஸ் கட்டணத்தில் பாதியைக் குறைத்து, மீதியை மூன்று தவணையாகக் கட்ட அனுமதிக்க வேண்டுகிறோம்."

எவ்வளவு முடியும், எவ்வளவு வேண்டும் என்று இரண்டும் அதில் இருக்கிறது. படிக்கிறவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். இதோடு வருமானச் சான்றிதழ், ஆட்டோ கடன் அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

சரி என்று சொன்னால் அங்கேயே இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா? அரியர் வைத்தால் நிறுத்திவிடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடம் குறைத்துவிட்டு, இரண்டாம் வருடம் "அது போன பேட்ச் முடிவு" என்று முழுப் பணத்தையும் கேட்ட கல்லூரியோடு ஒரு மாணவிக்காக நான் போய் வாதாடியிருக்கிறேன். கையில் ஒரு காகிதம் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று அந்தப் பிள்ளை வராண்டாவில் நின்ற நிலை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், உதவித்தொகை இதனாலேயே பலருக்கு நின்றுபோகிறது. மகளுடைய வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வருவதற்கான ஆதார் இணைப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். பள்ளியில் திறந்த பழைய கணக்கில் இருந்தால் பணம் அங்கே போகும். அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தால் திரும்பிவிடும். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் அப்படியே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியிலிருந்து மறுபடி போன் வந்தால், கவுன்சலிங் முடிந்து சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் யாரிடமும் ஒரிஜினலாகக் கொடுத்து வைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு என்று சொன்னீர்கள். பத்து மணிக்கு வாருங்கள். பாஸ்புக், ஆதார், மதிப்பெண் பட்டியல், ஆட்டோ கடன் அட்டை இருந்தால் போதும், மற்றதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டுக் கஷ்டம் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் அம்மா, போன வாரம் என்னிடம் வேலைக்குப் போய்விடவா என்று கேட்டாள். முதல்வருக்கான கடிதத்தை அவள் கையாலேயே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து கணக்கைச் சொல்லுங்கள்.