பவளத் தொட்டியைக் கைபேசியில் எடுத்தால் ஏன் எல்லாம் நீலமாக வருகிறது? மற்றவர்கள் காட்டும் நிறங்கள் பொய்யா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஆறு ஆண்டுகளாகப் பவளம் வளர்த்து வருகிறேன். என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கணினியில் வண்ணம் தீட்டியது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் படத்தில் நான் செய்திருந்ததெல்லாம், கண் பார்த்ததைக் கேமராவும் பார்க்கும்படி செய்தது மட்டுமே.

உங்கள் தொட்டியின் மேல் நீலம் மிகுந்த எல்இடி விளக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் ஒருசெல் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்கு நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே அந்த விளக்கில் தவறில்லை. பல பவளங்களில் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி உமிழும் புரதங்களும் உள்ளன. ஜெல்லி மீனில் முதலில் கண்டறியப்பட்ட பச்சை ஒளிர் புரதத்திற்காக 2008-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பவளங்களில் இருப்பவை அதன் உறவுப் புரதங்களே. எனவே அந்த ஒளிர்வு உண்மையானது. நம் கண் சில நிமிடங்களில் நீலத்துக்குப் பழகி, அதை ஒதுக்கிவிட்டு ஒளிர்வைப் பார்க்கிறது. கைபேசியின் தானியங்கி ஒயிட் பேலன்ஸால், அதாவது ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பால், அவ்வளவு தூரம் போக முடிவதில்லை; நீலம் மட்டும் நிரம்பி வழிந்து, பவளத்தின் நுண்ணிய வடிவங்கள் ஒரே நீலத் திட்டாக அழிந்துவிடுகின்றன. அப்படி அழிந்ததை எந்தத் திருத்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு அல்லது மஞ்சள் வடிகட்டி ஒன்றை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். நீலம் நிரம்பி வழியாத அளவுக்கு ஒளியளவைக் குறைத்து, பிறகு ஒயிட் பேலன்ஸைக் கையால் சரிசெய்யுங்கள். அறை விளக்கை அணைத்து, கண்ணாடியின் உள்ளும் புறமும் துடைத்து, லென்ஸைக் கண்ணாடிக்குச் செங்குத்தாக வையுங்கள். சாய்வாக எடுத்தால் நீரிலும் கண்ணாடியிலும் ஒளி விலகுவதால் உருவம் மங்கி, விளிம்புகளில் வண்ணக் கோடுகள் தோன்றும். பவளத்தை மட்டும் எடுப்பதானால் நீரோட்ட பம்புகளைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, நீர் அடங்கியதும் எடுக்கலாம். திரும்ப இயக்குவதற்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீரோட்டம் நெடுநேரம் நின்றால் மீன்களுக்கு ஆக்சிஜன் குறையும்.

இவ்வளவும் செய்பவரைப் பொய்யர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் பொய்ப் படங்களே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் அனுப்பிய படத்தில் தீக்கங்குபோல் ஜொலித்த ஒரு பவளத் துண்டை வாங்கினேன். வந்தது பழுப்பு நிறத் துண்டு. பயணக் களைப்பில் பவளம் நிறம் மங்குவது இயல்பு என்பது எனக்குத் தெரியும். எட்டு மாதம் காத்திருந்தும் அது பழுப்பாகவே இருந்தது. தூய நீல ஒளியில் எடுத்த படத்தில் நிறச் செறிவை ஏற்றினால் எந்தத் துண்டையும் அப்படிக் காட்ட முடியும். அன்று முதல், வெள்ளை ஒளியில் எடுத்த படமும் சேர்த்துத் தராத எவரிடமும் நான் வாங்குவதில்லை. உயிருள்ள ஒன்றை விற்பவருக்கு, அதன் நிறத்தை உள்ளபடி காட்டும் கடமை உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

கடலில் இருக்க வேண்டியதை வீட்டில் அடைத்துப் படமெடுப்பதே தவறு என்று இங்கே யாரேனும் எழுதக்கூடும். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். கல் பவளங்கள், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடுகளுக்கிடையேயான அவற்றின் வணிகத்துக்கு அனுமதி தேவை. என் தொட்டியில் உள்ளவை எல்லாம் மற்ற வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் வளர்ந்த தாய்ப் பவளங்களிலிருந்து வெட்டிய துண்டுகள். கோமாளி மீன்களும் தொட்டியிலேயே பொரித்தவை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமெடுப்பதன் பெரும் பயனை நான் அதில்தான் கண்டேன். அழகுக்காக எடுக்கும் படத்தைத் தவிர, ஒவ்வொரு ஞாயிறும் பதிவுக்காக ஒரு படம் எடுக்கிறேன். முக்காலியின் கால்கள் நிற்கும் இடங்களைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்திருக்கிறேன். விளக்கின் வெள்ளை அமைப்பும், கேமராவில் ஒளியளவைத் தீர்மானிக்கும் ஐஎஸ்ஓ, ஷட்டர், துளை ஆகியவையும், ஒயிட் பேலன்ஸும் ஒருபோதும் மாறுவதில்லை. எதையும் தானியங்கியாக விடுவதில்லை, ஏனென்றால் பவளம் வெளுத்தால் தானியங்கி அமைப்பு அதை ஈடுகட்டி மறைத்துவிடக்கூடும்.

என்னிடம் தட்டுபோல் விரியும் சிவப்பு மான்டிபோரா என்ற பவளம் ஒன்று உண்டு. அது வளரும்போது விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். புதிதாக உருவாகும் அந்தத் திசுவில் பாசிகள் இன்னும் நிறையாததால் அப்படித் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம், வேலைப் பளுவால் நீர்ச் சோதனைகளைத் தள்ளிப்போட்டிருந்தேன். தினமும் பார்த்த எனக்கு அந்தத் தட்டு முன்பைவிடச் சிவந்து அழகாகத் தெரிந்தது; அதில் பெருமைகூடக் கொண்டிருந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாகப் புரட்டியபோதுதான் வெள்ளைக் கோடு வாரத்துக்கு வாரம் குறுகி, நான்காவதில் முற்றிலும் மறைந்திருப்பதைக் கண்டேன். சிவப்பு கூடவில்லை, வளர்ச்சி நின்றிருந்தது.

உடனே சோதித்தேன். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட் நீரில் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் காரத்தன்மை, வழக்கமான 8.4-இலிருந்து 5.9 டிகேஎச்-க்கு (அதை அளக்கும் அலகு) இறங்கியிருந்தது. சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சொட்டும் டோசிங் பம்பின் குழாய்முனையில் உப்பு சிறிது சிறிதாகப் படிந்து அடைத்திருந்தது. பம்ப் ஓடும் சத்தம் மட்டும் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே நாளில் ஏற்றினால் பவளங்கள் அந்த அதிர்ச்சியைத் தாங்காது என்பதால், நாளுக்கு 0.5 வீதம் ஐந்து நாட்களில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். அக்ரோபோரா என்ற இன்னொரு பவளத்தில் அடிப்பகுதித் திசு ஏற்கெனவே உரிந்து எலும்பு தெரிந்தது. அதன் உயிருள்ள நுனிகளை வெட்டி ஒட்டினேன், மூன்றில் இரண்டு பிழைத்தன.

ஏழாவது ஞாயிறு எடுத்த படத்தில் மான்டிபோராவின் இடப்பக்க விளிம்பில், விரல்நகத்தின் அகலத்துக்கு, வெள்ளைக் கோடு மறுபடியும் தெரிந்தது. கண்ணாடிக்கு அருகில் சென்று வெறும் கண்ணால் தேடியபோது அது எனக்கு இன்னும் புலப்படவில்லை.