டி20 வாங்கும்முன் அளந்து பாருங்கள்: பகடைக் கேள்வி பதில்

நீலகிரியில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் ஆட்டம்) ஆடுபவர்கள் பகடை பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். டி20 என்றால் இருபது முகப் பகடை, டி4 என்றால் நாலு முகம், மற்றவையும் இப்படியே.

கேள்வி (குன்னூர்): அண்ணா, நாங்கள் நாலு பேர் புதிதாக ஆரம்பிக்கிறோம். என்ன வாங்குவது?

பதில்: ஏழு பகடை உள்ள செட்: டி4, டி6, டி8, டி12, டி20, அப்புறம் ரெண்டு டி10, அதில் ஒன்றில் 00, 10, 20 என்று இருக்கும். நாலு பேருக்கு ரெண்டு செட் போதும். பூவும் மினுமினுப்பும் உள்ளே போட்ட ரெசின் பகடை கண்ணைப் பறிக்கும், ஆனால் முதலில் ஒரே நிற அக்ரிலிக்கே எடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கோளாறு தெரிந்துவிடுமா?

பதில்: பாதிதான் தெரியும். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரைத்தால் அக்ரிலிக் மிதக்கும். விரலால் சுண்டிச் சுண்டிவிடுங்கள், திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம். ஆனால் வடிவம் கோணலாக இருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, கடையில் வாங்கும் பகடையில் நான் அதிகம் பார்ப்பது அந்தக் கோணலைத்தான். உலோகப் பகடை எப்படியும் மூழ்கிவிடும்.

கேள்வி (ஊட்டி): அப்படியானால் வடிவத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: தடிமனைத் துல்லியமாக அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று போதும். டி20இல் எதிரெதிர் முகங்கள் பத்து ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே அளந்து எழுதுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நான் தாராளமாக எடுப்பேன், 0.3ஐத் தாண்டினால் தொடவே மாட்டேன். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதாலும், ஓரம் மழுங்க மெஷினில் போட்டு உருட்டுவதாலும் ஒரு பக்கம் அமுங்கிவிடும். அமுங்கிய ஜோடி அடிக்கடி விழும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: டி20இல் எதிரெதிர் எண்களின் கூட்டுத்தொகை 21, அதனால் 1-20 பக்கம் அமுங்கினால் ரெண்டுமே அடிக்கடி விழும், சராசரி 10.5ஐ விட்டு நகராது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்குப் பகடை சுத்தமாகத்தான் தெரியும், மேஜையில் மட்டும் 20 தரும் அபார வெற்றியும் 1 தரும் படுதோல்வியும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி (கூடலூர்): என் டி20இல் 20, 19, 18 என்று எண்கள் பக்கத்து பக்கத்திலேயே இருக்கின்றன. இதை வைத்து ஆடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தில் ஆடுபவரின் உயிர்ப் புள்ளியைக் குறைத்துக்கொண்டே வர ஏற்பட்டது. பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கம் கிடப்பதால் லேசான சாய்வு இருந்தாலே ஆட்டம் கெடும்.

கேள்வி (வெலிங்டன்): உருட்டியே சோதிக்க முடியாதா?

பதில்: முடியும், பொறுமை வேண்டும். 200 தடவை உருட்டுங்கள், ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 10 தடவை வரவேண்டும். வந்ததற்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, 10ஆல் வகுத்து, இருபதையும் கூட்டுங்கள். 30.1ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம், நேர்மையான பகடையிலும் நூற்றுக்கு ஐந்து முறை அப்படி ஆகும் என்பதால் மறுபடி ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். சின்னச் சாய்வு 200இல் பிடிபடாது.

கேள்வி (ஊட்டி): வீட்டிலேயே ரெசின் ஊற்றிப் பகடை செய்கிறேன், ஜனவரியில் செய்தது முழுக்கக் குமிழி. ஏன்?

பதில்: குளிர்தான். எபாக்சி ரெசின் குளிரில் கெட்டிப்படும், குமிழி மேலே ஏறாது, இறுகவும் நாளாகும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளியே துடைத்துவிட்டுக் கலக்குங்கள், அச்சை 22-25 டிகிரி சூடுள்ள அறையில் வையுங்கள். அதற்கென்றே விற்கும் பிரஷர் பாட் (அச்சை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் பாத்திரம்) இருந்தால் மிச்சக் குமிழியும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். அப்புறம் தேய்க்கும்போது கவனம்: அச்சின் மூடிப் பக்க முகத்தை மட்டும் பளபளக்கும்வரை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போனால் அந்த ஜோடி குறுகிவிடும், நடுவில் ரெண்டு தடவையாவது காலிப்பரை வைத்துப் பாருங்கள்.