நீச்சல் தெரியாதவர் சுறா பார்க்கக் கூண்டில் இறங்கலாமா?

"சேலத்தில் வசிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கடலுக்குள் கூண்டில் நின்று சுறாக்களைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நீச்சல் சரியாக வராது. வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நானும் சேலத்துக்காரன்தான். அம்மாப்பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு இரண்டரை மணி நேரம் போனால் கான்ஸ்பாய் என்ற கடலோர ஊர் வரும். அங்கே போய் இறங்கிவிட்டு வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் நீச்சல். கூண்டு நடுக்கடலில் தனியாகத் தொங்குவதில்லை. படகின் பக்கவாட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதன் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கும். கழுத்தளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மேலே இருப்பவர் சுறாவைக் கண்டதும் "கீழே! இடது பக்கம்!" என்று கத்துவார். உடனே மூச்சை அடக்கி, உள்கம்பியைப் பிடித்து உங்களைக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். காற்று உருளை எதுவும் கிடையாது. தடித்த ரப்பர் உடை உடலை மேலே தூக்கும் என்பதால் இடுப்பில் ஈயப் பட்டை கட்டிவிடுவார்கள். தண்ணீருக்குள் முகத்தை வைக்கப் பயம் இல்லாமல் இருந்தால் போதும். அந்தப் பயம் இருந்தால் இங்கேயே யாராவது பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பழகிவிட்டுப் போங்கள்.

உண்மையில் படுத்தி எடுப்பவை வாந்தியும் குளிரும்தான். படகு நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நின்று ஆடும். அதோடு மீன் எண்ணெய் வாடை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஜன்னலைத் தேடுகிறவர் நீங்கள் என்றால், மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரின் வெப்பநிலை 12, 13 டிகிரிக்கு இறங்கும் நாட்களும் உண்டு. மேட்டூர்த் தண்ணீரில் குளித்து வளர்ந்த உடம்புக்கு முதல் இரண்டு நிமிடம் மூச்சு முட்டும், பிறகு பழகிவிடும்.

அடுத்து, எந்தச் சுறாவை எதிர்பார்த்துப் போகிறீர்கள்? படங்களில் வாயைப் பிளந்துகொண்டு வருகிற பெரிய வெள்ளைச் சுறா என்றால் கொஞ்சம் நில்லுங்கள். கான்ஸ்பாய் ஒரு காலத்தில் அதற்குப் பேர்போன இடம். எதிரே டையர் தீவு, பக்கத்துப் பாறையில் சீல் எனப்படும் கடல்நாய்க் கூட்டம், அவற்றைத் தேடி வெள்ளைச் சுறாக்கள். 2017-இல் அந்தக் கரையில் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கின. வயிறு கிழிந்திருந்தது, ஈரலைக் காணவில்லை. ஓர்கா திமிங்கிலங்களின் வேலை அது. சுறாவின் ஈரல் முழுக்க எண்ணெய், அதற்காகத்தான் கொல்கின்றன. அந்தக் கரையோரம் சுற்றும் இரண்டு ஆண் ஓர்காக்களுக்குப் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பல்காரர்கள் பேச்சில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பொருள். ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதுக்கு வலப்பக்கம். 2023-இல் மாசல் பே என்ற தென்னாப்பிரிக்கக் கடலோர ஊர் அருகே ஸ்டார்போர்ட் தனியாகவே ஓர் இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் கொன்றது. வெள்ளைச் சுறாக்கள் குறைந்ததற்கு ஓர்காக்கள் மட்டும்தான் காரணமா, அவற்றின் இரையான சிறு சுறாக்களை மனிதர்கள் பிடித்துத் தீர்ப்பதும் காரணமா என்று அங்கே ஆய்வாளர்களிடையே பலத்த வாக்குவாதம் நடக்கிறது. உலகிலேயே முதல் நாடாக 1991-இல் வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த நாட்டுக்கு இந்த நிலை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

நான் பார்த்தது வெண்கல நிறச் சுறா. படகுக்காரர்கள் செல்லமாகப் பிரான்ஸி என்கிறார்கள். மூன்று மீட்டர் வரை வளரும். கயிற்றில் கட்டிய சூரை மீன் தலை மிதந்துகொண்டிருந்தது. கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து அது சத்தமே இல்லாமல் வந்தது. வெயில் பட்ட இடத்தில் அதன் முதுகு, புளி போட்டுத் தேய்த்த வெண்கலப் பானையாக மின்னியது. இரையை உடனே கவ்வவில்லை. கூண்டை ஒட்டித் திரும்பியபோது ஐந்து செவுள் பிளவுகளும் திறந்து மூடுவது தெரிந்தது. மேல் துடுப்புக்குக் கீழே ஆறிப்போன பழைய தழும்பு ஒன்று. கண் என்னைத் தாண்டிப் போனது. அந்த விலங்கை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைத்ததற்காக நான் செலவழித்த பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சேலத்தில் நமக்குச் சுறா என்றால் புட்டு, பிள்ளை பெற்றவளுக்குத் தேடி வாங்கும் பால்சுறாக் கருவாடு. உயிரோடு நீந்துவதைப் பார்த்தால்தான் அது யார் என்று புரிகிறது.

இப்போது என் தொழில் சார்ந்த ஒரு விஷயம். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான பதிலும் இதுதான். படகில் ஏறியதும் என் கண் கூண்டின் வெல்டிங் மீது போனது. துத்தநாகம் பூசிய குழாய், மூலைகளில் முழுச் சுற்றுப் பற்றவைப்பு, எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆனால் கூண்டு நம்மைச் சுறாவிடமிருந்து காத்தால் மட்டும் போதாது. நம்மிடமிருந்து சுறாவையும் காக்க வேண்டும். மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் 2016-இல் இரைக்குப் பாய்ந்த வெள்ளைச் சுறா ஒன்று கூண்டை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது, அதனால் மேல் வழியாகத்தான் வெளியேறியது. உள்ளே இருந்தவர் காயமின்றித் தப்பினார். 2019-இல் அதே இடத்தில் இன்னொரு சுறாவின் தலை கம்பிகளுக்கு இடையே மாட்டிக்கொண்டது. வெகுநேரம் திமிறி, ரத்தம் ஒழுக ஆழத்தில் மறைந்தது. 2023-இல் மெக்சிகோ அரசு அந்தத் தீவில் சுறாச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டது. ஒரு தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கம்பி வைத்தது யார் என்று இரும்பு வேலை செய்கிறவனாக எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகவே முன்பதிவுக்கு முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: பார்க்கும் இடைவெளி எவ்வளவு அகலம்? இரைக் கயிற்றைக் கூண்டை நோக்கி இழுப்பார்களா, விலக்கி இழுப்பார்களா? படகில் கடல் உயிரியல் படித்தவர் இருப்பாரா? கூண்டின் மீது சுறாவை மோதவைத்துப் படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். கூண்டிலிருந்து கையை வெளியே நீட்டாதீர்கள், தொட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பயணத் திட்டத்தில் கூடுதலாக ஓரிரு காலைகளைக் காலியாக விடுங்கள். அலை பெரிதாக இருந்தால் படகு கிளம்பாது. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் எடுத்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், தென்னாப்பிரிக்காவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அது ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லும். எனவே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.